சம்பந்தி கை காட்டிய பக்கம்

தமிழகத்தின் கடலோடி மரபில் சங்கரன்கோவிலுக்கு உரிய இடத்தைச் சரித்திரம் எழுதியவர்கள் யாரும் இதுவரை கொடுக்கவில்லை. காற்றையும் நீரையும் அடக்கிக் கலம் செலுத்தியவர்களின் சபையில் அந்த ஊருக்கும் ஓர் ஆசனம் போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டதற்குச் சின்னதாக ஒரு காரணம் இருக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் கோவில்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும்.

அதனால் என்ன? 1979-ஆம் வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு வெளியே தட்டான்குளத்தில், பம்புசெட் கடை பெருமாள்சாமி ஒரு பாய்மரப் படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகின் நடுவில் ஐந்து குதிரைசக்தி டீசல் இன்ஜின் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. பாய் விரிந்திருந்தது. துறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே விலகியும் போய்க்கொண்டிருந்தது.

படகின் மூக்கு கிழக்கே, கரையைப் பார்த்திருந்தது. படகு தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன கூத்து?" என்று பெருமாள்சாமி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பயத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம். வண்டி, மாடு பார்க்கிற பக்கம் போகும். சைக்கிள், முன்சக்கரம் பார்க்கிற பக்கம் போகும். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகிற வாகனத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

முன்பலகையில் கறுப்புக் கண்ணாடியும் சரிகைத் துண்டுமாகச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார் தூத்துக்குடி செல்லச்சாமி. பெருமாள்சாமியின் மகள் பூமாரியைத் தம் மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர். "சரி" என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்கு அவர் முதலில் கரைக்கு வர வேண்டியிருந்தது.

பெருமாள்சாமிக்குச் சொந்த ஊர் இளையரசனேந்தல் பக்கம். வானம் பார்த்த பூமி. அங்கே தண்ணீர் என்பது கிணற்றுக்கு அடியில் எங்கேயோ இருப்பதாக நம்பப்படுகிற ஒரு பொருள். அதை மேலே இழுக்கிற இன்ஜினை விற்கத்தான் அவர் சங்கரன்கோவிலுக்கு வந்து கடை போட்டார். கடை நன்றாக ஓடியது. வினையே அதில்தான் பிடித்தது. இன்ஜினால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது.

பூமாரியை முதலில் பார்க்க வந்தவர்கள் சிவகிரிக்காரர்கள். தங்கள் வீட்டில் மாவாட்ட ஆள் கிடைப்பதில்லை என்று அவர்கள் பேச்சுவாக்கில் சொல்ல, பெருமாள்சாமி ஆட்டுரலுக்கும் இன்ஜினுக்கும் பெல்ட் மாட்டி ஓட்டிக் காட்டினார். குழவி பறந்துபோய் மாப்பிள்ளையின் பெரியப்பா காலடியில் விழுந்தது. அடுத்து வந்தவர்கள் மேலநீலிதநல்லூர்க்காரர்கள். உட்கார்ந்ததும், இந்த வீடு புழுக்கமாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல அவர் மனைவி முப்பிடாதியம்மாள் யாரையும் விடுவதில்லை.

மூன்றாவதாகத் தூத்துக்குடிச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை. கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பூமாரியும் அவனை ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். பார்த்தது பிடித்துப்போயிருந்தது.

"அப்பா, இந்த ஒரு தடவை மட்டும் எதையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றாள்.

பெருமாள்சாமி வாக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று சாயங்காலமே தரகர் இன்னொரு தகவல் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கொழும்புக்குப் போய்வருகிற தோணி ஒன்றில் கால் பங்கு உண்டாம். காற்றுக்காகக் காத்துக் கிடக்கிற பாய்மரத் தோணியாம்.

"காத்துக்காகக் காத்துக் கிடக்கா?" என்றார் பெருமாள்சாமி. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் முப்பிடாதியம்மாள் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

அடுத்த வாரமே தூத்துக்குடியிலிருந்து பழைய வத்தை ஒன்று லாரியில் வந்தது. வத்தை என்றால் மீன்பிடிக்கிற பலகைப் படகு. வழியில் கோவில்பட்டி டீக்கடையில் ஒருவர், "அண்ணாச்சி, மழை அவ்வளவா வரப்போவுது?" என்று உண்மையான கவலையோடு கேட்டாராம். அந்த வருஷம் மழையும் ஏமாற்றவில்லை. தட்டான்குளம் நிரம்பியது. பெருமாள்சாமி வத்தைக்குள் டீசல் இன்ஜினை இறக்கி, பட்டறையில் செய்த விசிறியைப் பின்னால் பொருத்தினார். உள்ளூர்த் தறியில் நெய்த லுங்கிச் சாரத் துணியை ஒட்டுப்போட்டுப் பாய் தைத்தார். பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட அந்தப் பாய் விரிந்தால், யாரோ ஒரு பூதம் குளித்துவிட்டுச் சாரத்தைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். பனங்கட்டைகளை ஊன்றிப் பலகை அடித்து, குளத்தங்கரையிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு துறையும் கட்டினார். படகின் நெற்றியில் 'எஸ்.எஸ். பூமாரி' என்று எழுதினார்.

பெயரைப் பார்த்த பூமாரி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

தினமும் காற்று அடங்கிய சாயங்காலத்தில் பெருமாள்சாமி ஓட்டிப் பழகினார். கரையிலிருக்கிற ஒற்றைப் பனைக்கு நேரே வந்ததும் இன்ஜினை நிறுத்த வேண்டும். படகு தானாக வழுக்கிக்கொண்டு வந்து துறையில் சாய்ந்து நிற்கும். இதுதான் அவர் கற்ற கப்பல் சாஸ்திரம் முழுவதும். காற்று அடிக்கிற நேரத்தில் பழகாததற்குக் காரணம், பாய் கிழிந்துவிடும் என்ற பயம்.

பெண் பார்க்கிற நாள் காலையில் முப்பிடாதியம்மாள் அவரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள்.

"இந்தா பாருங்க. படகு கிடகுன்னு வாயத் தெறந்தீகன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"நான் எடுக்க மாட்டேன்டி பேச்ச. அவரா எடுத்தா?"

"அவரு எதுக்கு எடுக்காரு? அவரு பொண்ணு பாக்க வாராரு."

"தோணிக்காரருல்லா? தண்ணியப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

செல்லச்சாமியின் கார் வந்து நின்றது. தை மாத வெயிலிலும் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி விட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து வேர்த்து விறுவிறுத்து இறங்கிய செல்லச்சாமி கேட்ட முதல் கேள்வியே பெருமாள்சாமியைச் சிலிர்க்க வைத்தது.

"இங்கன காத்து எப்படி?"

"கேட்டியாட்டி?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "நம்ம ஆளுக வந்தா மழை எப்படிம்பான். இவரு காத்து எப்படிங்காரு. கடல்ல பொறந்த மனுசன்."

செல்லச்சாமி கடலில் பிறந்தவரில்லை. குருவிகுளம் பக்கம் பிறந்து, சின்ன வயதில் தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போனவர். ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நல்ல உயரம். ஐம்பத்தைந்து வயதிலும் கருகருவென்ற தலை. 'உப்புக்காத்துல வளந்த உடம்பு' என்று நினைத்துக்கொண்டு பெருமாள்சாமி தம்முடைய வழுக்கையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மாலை போடப் போனால் செல்லச்சாமி, "கழுத்துல வேண்டாம், கையில குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். பன்னீர் தெளிக்கப் போனால் இரண்டடி பின்னால் நகர்ந்தார். எவ்வளவு அடக்கம்!

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. பூமாரி வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போனாள். செல்லச்சாமியின் மனைவி கோமதித்தாய் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசி, சிரித்து, புருஷனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். இன்னும் ஐந்து நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

செல்லச்சாமி மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார். "படகு வச்சிருக்கீகன்னு தரகர் சொன்னாரு?"

முப்பிடாதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்!" பெருமாள்சாமி எழுந்தே விட்டார்.

"இல்ல... நான் தோணியில ஏறுறதில்ல. சரக்கு ஏத்தி விடுறதோட சரி."

"அது உங்க தோணி. முதலாளி ஏறக் கூடாது. இது நம்ம படகு. சம்பந்தி கால் படாம அது என்ன படகு?"

"வெயிலா இருக்கே."

"பாய் நெழல் இருக்கு."

செல்லச்சாமி உதவிக்கு மனைவியைப் பார்த்தார். கோமதித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவுக இவ்வளவு ஆசையாக் கூப்பிடுதாக. போயிட்டுத்தான் வாங்களேன்," என்றாள். பெண் கேட்டு வந்த இடத்தில் கூப்பிட்டதற்கு மேல் கூப்பிட வைத்தால் மரியாதை இல்லை. செல்லச்சாமி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிற தியாகி மாதிரி எழுந்தார்.

குளத்தின் நடுவுக்குப் போகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் வெயில் ஏற ஏற வடக்கேயிருந்து வாடைக்காற்று கிளம்பியது. திரும்பி வந்து துறையைத் தொடப் போனால், முதலில் சொன்ன கூத்து. துறை இடது கைப்பக்கம். காற்றும் இடது கைப்பக்கத்திலிருந்துதான் வந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவில் புகுந்து, படகை மட்டும் தெற்கே தள்ளிக்கொண்டே போனது.

படகில் மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தான். கடை மெக்கானிக் வேல்சாமி. இன்ஜினின் லிவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். லிவரைத் தூக்கினால் இன்ஜின் நிற்கும். மறுபடி ஓட வைக்க ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அந்த இன்ஜினுக்கு முன்னால் போகத் தெரியும், நிற்கத் தெரியும். பின்னால் போகத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்தில் அதற்கு அந்த அவசியம் வந்ததில்லை. மூன்று பேரில் யாருக்கும் நீச்சல் தெரியாது என்பது, யாரும் யாரையும் கேட்காததால், வெளியே வராமல் இருந்தது.

"மொதலாளி!" வேல்சாமி இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "சம்பந்தி கையக் காட்டுதாரு!"

பெருமாள்சாமி பார்த்தார். செல்லச்சாமி திரும்பவில்லை, பேசவில்லை. இடது கை மட்டும் மெதுவாக மேலே எழுந்து காதுக்கு மேலே வந்து, அங்கேயே நின்றது.

பெருமாள்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தோணிக்காரர், வேளை வந்ததும் ஒரே ஒரு கையைத் தூக்கி வித்தையைக் காட்டுகிறார்!

"இடது! காத்து வார பக்கம் திருப்பணுமாம்வே!"

"அங்கன துறைல்லா இருக்கு!"

"அவருக்குத் தெரியாதா? சும்மா இரி!"

சுக்கானை ஒடித்தார். படகு இடது பக்கம் திரும்பி, பனங்கட்டையில் மடார் என்று மோதியது. துறையின் மேல் வெற்றிலைத் தட்டோடு நின்ற இரண்டு பேர் வெற்றிலையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். மோதிய வேகத்தில் படகு விலகி, காற்று அதன் மூக்கைப் பிடித்துத் தெற்கே தள்ள, ஓர் அரை வட்டம் போட்டு மேற்கே பார்த்துக் கிளம்பிவிட்டது.

இப்போது காற்று வலது பக்கத்திலிருந்து வந்தது. செல்லச்சாமியின் இடது கை இறங்கியது. வலது கை ஏறியது.

"வலது! பாத்தியாவே? காத்து மாறினதும் கையை மாத்திட்டாரு!"

"மொதலாளி, கரை பின்னால இருக்கு!"

"சுத்திட்டு வரச் சொல்லுதாரு. நம்மள மாதிரி நேரா போயி முட்டுதவரா அவரு?"

வலது பக்கம் திருப்பினார். திருப்பத் திருப்ப, படகு காற்றுக்கு நேர் முகமாக வடக்கே பார்த்து வந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. செல்லச்சாமியின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போய் உச்சந்தலையில் கோர்த்துக்கொண்டன.

"ரெண்டு கை! நிறுத்துவே! நிறுத்தச் சொல்லுதாரு!"

வேல்சாமி லிவரைத் தூக்கினான். இன்ஜின் இருமி நின்றது. சட்டென்று உலகம் நிசப்தமானது. கரையில் நின்ற கூட்டத்திலிருந்து, "நடுக்கொளத்துல எதுக்குடே நிப்பாட்டுதான்?" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"சம்பந்தி," என்றார் பெருமாள்சாமி பணிவாக, "சரியா நிறுத்திட்டம்லா?"

செல்லச்சாமி கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "காத்து... மொதல்ல காத்து நிக்கணும்."

"கேட்டியாவே? பொறுமை. கடல்காரங்களுக்குப் பொறுமைதான் மூலதனம்."

"காத்து மாசி வரைக்கும் நிக்காது மொதலாளி," என்றான் வேல்சாமி. "அது வரைக்கும் சோத்துக்கு என்ன செய்யிறது?"

இதற்குள் படகு பின்னாலேயே நகர ஆரம்பித்திருந்தது. விரிந்த பாயைப் பிடித்துக் காற்று அதைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனது. தெற்கே குளத்துக்குள்ளேயே கருவேல மரங்கள் நின்றன. முள் ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"ஹேண்டிலப் போடுவே!"

வேல்சாமி சுற்றினான். இன்ஜின் ஒரு தடவை ஏப்பம் விட்டது. மறுபடி சுற்றினான். அதுகூட விடவில்லை.

"பாயை இறக்குதேன். அதுதான் இழுத்திட்டுப் போவுது," என்று பெருமாள்சாமி கயிற்றை அவிழ்த்தார். பாயை இறக்க வேண்டும் என்று தோன்றியது சரிதான். எந்தப் பக்கம் இறங்கும் என்றும் யோசித்திருக்கலாம். பச்சையும் சிவப்புமான அத்தனை கட்டமும் மொத்தமாகச் சரிந்து செல்லச்சாமியின் மேல் விழுந்தது.

முன்பலகையில் ஒரு கூடாரம் உட்கார்ந்திருந்தது. அது அங்குமிங்கும் அசைந்தது. உள்ளே கைகள் அவசரமாக என்னவோ செய்துகொண்டிருந்தன.

"உள்ள இருந்தும் கையக் காட்டுதாரு மொதலாளி. ஒண்ணும் வெளங்கல."

"எடுத்து விடு, எடுத்து விடு!"

கூடாரத்துக்குள்ளிருந்து, "தொடாதீக! நானே வாரேன்!" என்று ஒரு கூச்சல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செல்லச்சாமி தலையை வெளியே நீட்டினார். கண்ணாடி கோணியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. பெருமாள்சாமியின் முகத்தையே கூர்ந்து பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்:

"இப்ப சரியா இருக்கா?"

பாய் இறங்கியதும் படகு ஆட்டம் குறைந்து நின்றதைப் பெருமாள்சாமி கவனித்தார்.

"ரொம்பச் சரியா இருக்கு சம்பந்தி."

செல்லச்சாமி அவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நன்றி இருந்தது. எதற்கு என்று பெருமாள்சாமிக்கு விளங்கவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போலும்.

முள் முதுகைத் தொடுகிற நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

திரும்பி வருகிற வழியில் பெருமாள்சாமி யோசித்தார். அவரிடம் எத்தனை அபத்தம் இருந்தாலும் இந்த ஒரு குணம் உண்டு. ஒரு சாமான் ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் விட மாட்டார். காற்று வடக்கேயிருந்து வருகிறது. துறைக்குத் தெற்கே போய் ஒட்டப் பார்த்தால் அது நம்மைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சரி, துறைக்கு வடக்கே போனால்? அப்போது காற்று என்ன செய்யும்? நம்மைத் துறையின் மேல் அல்லவா தள்ளும்! நாம் பாட்டுக்கு மெதுவாகப் போய், இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றால் போதும். காற்றே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடும்!

அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாய் இல்லாமல், மெதுவாக, துறைக்கு வடக்குப் பக்கமாகப் படகைக் கொண்டுவந்தார். எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. படகு பனைக்கு நேரே வந்தது. காற்று அதை அங்குலம் அங்குலமாகத் துறையை நோக்கித் தள்ளியது. கரையில் முப்பிடாதியம்மாள் கும்பிட்ட கையை இறக்கத் தொடங்கினாள்.

"வேல்சாமி, நான் சொன்னதும் லிவரைத் தூக்கு..."

செல்லச்சாமியின் இடது கை எழுந்து காதுக்கு மேலே போனது.

பெருமாள்சாமிக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சோதனை வந்ததில்லை. இடது பக்கம் என்றால் துறையை விட்டு விலகிப் போவது. அவருடைய புத்தி, நேரே போ என்றது. மகளின் கல்யாணம், இடது பக்கம் திரும்பு என்றது.

"மொதலாளி, திருப்பாதீக! ஒட்டப் போவுது!"

"அவரு வேண்டாங்காருவே!"

"அவரு கெடக்காரு!"

"ஏலே, என் சம்பந்திவே அவரு!"

இடது பக்கம் திருப்பினார். துறை மறுபடி விலகியது. படகு காற்றுக்கு முகம் கொடுத்தது. செல்லச்சாமியின் இரண்டு கைகளும் உச்சந்தலைக்குப் போயின.

வேல்சாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. லிவரை விட்டுவிட்டு எழுந்தான். படகின் மூக்கில் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக் கரையைப் பார்த்து வீசினான். "பிடிங்க அண்ணாச்சி! பிடிச்சு இழுங்க!"

கயிறு கரையில் விழுந்தது. அங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. எதிர்பார்த்திருக்க வேண்டும். அது தேரோடுகிற ஊர். வருஷா வருஷம் வடம் பிடித்த கைகள் அவை. அந்தக் கைகளில் ஒரு கயிற்றைக் கொடுத்தால், மறு முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவற்றுக்குக் கிடையாது.

"ஏ... இழு!" என்றது ஒரு குரல்.

"ஹோ!" என்றது கூட்டம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வெற்றிலைத் தட்டுக்காரர்கள், மாடு குளிப்பாட்ட வந்தவர்கள், செல்லச்சாமியின் கார் டிரைவர் எல்லோரும் கயிற்றில் தொங்கினார்கள். யாரோ குலவை போட்டார்கள். இன்ஜினும் தன் பங்குக்கு ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ். பூமாரி திரும்பி, துறையின் பனங்கட்டைகளுக்கு நடுவே புகுந்து, பலகைகளைச் சிதறடித்து, கரை மேல் புல்லில் ஏறி, ஒற்றைப் பனையில் மூக்கை வைத்து நின்றது. தேர் நிலைக்கு வந்ததென்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தரையேறிய பிறகும் விசிறி ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வேல்சாமி தவழ்ந்து போய் லிவரைத் தூக்கினான்.

செல்லச்சாமி கையை இறக்கினார். மெதுவாக இறங்கினார். முப்பிடாதியம்மாள் அழத் தயாராக நின்றாள். அவர் நேரே பெருமாள்சாமியிடம் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"உங்களை மாதிரி மனுசனை நான் பாத்ததில்ல," என்றார். "எனக்குச் சம்மதம். நிச்சயத்தை இந்த மாசமே வச்சுக்கிடுவோம். ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள வச்சுக்கிடுவோம். கதவச் சாத்திக்கிட்டு."

முப்பிடாதியம்மாள் அழுதேவிட்டாள். இது வேறு அழுகை.

அதன் பிறகு பெருமாள்சாமியைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்கு மோட்டார் வாங்க வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து, தூத்துக்குடித் தோணிக்காரர்களின் பரம்பரைக் கை சைகைகளை விளக்கினார். இடது கை காதுக்கு மேலே போனால் இடது. வலது கை போனால் வலது. இரண்டும் உச்சிக்குப் போனால் நிறுத்து. "வாயத் தெறக்க மாட்டாங்க. அவ்வளவும் கைதான். நான் சொந்தப் புத்தியில ஒட்டப் பாத்தேன், வேண்டாம்னு ஒரு கை காட்டினாரு பாருங்க! அதுல என்ன சூட்சுமம்னு இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்பார். துறையைப் புதிதாகக் கட்டினார். போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு அங்கே பெரிய போர்டு ஒன்றும் வைத்தார். 'படகு செலுத்துவோர் கவனத்திற்கு' என்று தலைப்பு. கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், தலையில் ஒரு கை, மற்றொரு கை, இரு கை என்று மூன்று நிலைகளில். முகச்சாயல் நன்றாக வந்திருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று தூத்துக்குடியிலிருந்து வந்த கார்கள் குளத்தங்கரை வழியாகத்தான் வந்தன. செல்லச்சாமி காரிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை. பெருமாள்சாமி அதைக் கவனிக்கவில்லை. தட்டு மாற்றுவதற்கு முன்னால், கூடியிருந்த இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் எழுந்து நின்று, சம்பந்தியின் பெருமையைச் செய்தே காட்டினார். இடது கையைக் காதுக்கு மேலே வைத்தார். வலது கையை வைத்தார். இரண்டையும் கோர்த்துத் தம் வழுக்கையின் மேல் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக் காட்டினார்.

பெண் வீட்டார் கை தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அங்கேயிருந்து ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். செல்லச்சாமி எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிகள் நான்கும் மேலே ஏறின.

உள் அறை வாசலில் பட்டுச் சேலையோடு நின்ற பூமாரி, "அப்பா, இப்ப எதை ஸ்டார்ட் பண்ணுனீங்க?" என்றாள்.

பெருமாள்சாமி கோர்த்த கையை வழுக்கையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. கோமதித்தாய்தான் எழுந்து வந்து அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, தட்டு மாத்தணும்னா மொதல்ல அந்தப் போர்டை எறக்கச் சொல்லுங்க."

"போர்டுல என்னம்மா தப்பு? படம் சரியா வரலையா?"

"படமெல்லாம் அப்படியே இருக்கு. அன்னைக்குப் பாயி மேல விழுந்தப்ப நீங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்தீகளாம். அந்தப் பெருந்தன்மைக்குத்தான் அவுக சரின்னு சொன்னதே. இப்ப நீங்களே ஊர் பூரா செஞ்சு காட்டினா எப்படி?"

"நான் எதைம்மா பாத்தேன்? அவரு கை காட்டினாரு, நான் திருப்பினேன்!"

கோமதித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷர் நிஜமாகவே கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவுக கை காட்டல அண்ணாச்சி," என்றாள். "டோப்பாவப் பிடிச்சிட்டு இருந்தாக."